14 பாயிண்ட் எடுத்தவன் நல்லா ஆடினானா இல்லையா?

கேள்வி (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் ஃபைனல்ஸ் முதல் ஆட்டம் முடிந்ததும் மார்த்தாண்டத்துத் தம்பி போட்டது, ஜூன் 6, 2025, காலை)

"மூணு குவார்ட்டர் ஆளையே காணோம். கடைசியில ஒத்த ஷாட்டு. மொத்தம் 14 பாயிண்டு. இவன் சூப்பர் ஸ்டாருன்னா அந்தப் பக்கம் 38 போட்டவன் யாரு? என்.பி.ஏ. ஆட்டக்காரங்களே ஓட்டுப் போட்டு ஹாலிபர்ட்டனைத்தான் ஓவர்ரேட்டடுன்னு சொன்னாங்க. நான் சொல்லுதது தப்பா அக்கா?"

ஜூன் 6, வெள்ளி, காலை 10.15

தப்புதான் தம்பி. ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் நிற்கிறது.

ஜூன் 6, இரவு 9.40

இண்டியானா 111, ஓக்லஹோமா 110. நாலாவது குவார்ட்டரில் 15 பாயிண்ட் பின்னால் கிடந்த அணி. மொத்த ஆட்டத்திலும் அவர்கள் முன்னால் இருந்தது கடைசி 0.3 விநாடி மட்டும். அந்த ஷாட்டைப் போட்டவன் இண்டியானாவின் ஹாலிபர்ட்டன். இதுவரை நமக்குள் தகராறு இல்லை. அதற்கு முந்திய நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பதில்தான் தகராறு.

நீங்கள் 14 என்று எழுதினீர்கள். அதே வரிசையில் 10 ரிபவுண்டும் (விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்தது) 6 அசிஸ்டும் (இன்னொருவன் கூடை போடக் கொடுத்த பந்து) இருக்கிறது. அதை ஏன் விட்டீர்கள்?

நான் ஸ்கூலிலும் காலேஜிலும் ஹாலிபர்ட்டனைப் போலப் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஆள். நாகர்கோவிலைச் சுற்றி டோர்னமென்ட் ஆடியவர்களுக்குத் தெரியும், மேஜையில் உட்கார்ந்து எழுதுகிற ஸ்கோர் ஷீட்டில் ஒரு ஆள் கணக்கில் ஏறுவது ரெண்டே விஷயம்: பாயிண்டும் பவுலும். நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை, உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் ஷீட்டே அப்படித்தான். அசிஸ்டுக்குக் கட்டமே கிடையாது. நான் பந்தைக் கொண்டுபோய், ரெண்டு பேரை என்மேல் இழுத்து வைத்துக்கொண்டு, கூடைக்குக் கீழே நிற்கிற உயரமான பிள்ளை கையில் கொடுப்பேன். அவள் போடுவாள். ஷீட்டில் அவள் நம்பர். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்பார், "நீ எத்தனை போட்ட மக்ளே?" "நாலு." "நாலுதானா?" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்தத் தாளில் என் பெயரில் குறையாமல் ஏறியது பவுல்தான்.

அதனால் ஒருவன் 14 எடுத்தான் என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று வரும். பாரபட்சம் உண்டு, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஓட்டு விஷயம். ஏப்ரலில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஆட்டக்காரர்களிடம் பெயர் வெளியிடாமல் கேட்டது. ஹாலிபர்ட்டன் பெயரைச் சொன்னவர்கள் 14.4 சதவீதம். அதுதான் அதிக ஓட்டு, சரி. ஆனால் நூற்றுக்கு 85 பேர் வேறு பெயர் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓட்டுக்குப் பிறகு அவன் என்ன செய்தான் என்று பாருங்கள்: மில்வாக்கியைக் கடைசி விநாடி லேஅப்பில் (கூடைக்குப் பக்கத்தில் போய்ப் போடுவது) முடித்தான், கிளீவ்லாந்தைக் கடைசி விநாடி மூணு பாயிண்டரில் முடித்தான், நியூயார்க்கில் மேலே எகிறி இறங்கிய ஒரு பந்தால் ஆட்டத்தை ஓவர்டைமுக்குக் கொண்டுபோனான், இன்றைக்கு இது. ஒரே பிளேஆஃபில் (சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) நாலு எதிரணி, நாலு தடவை.

ஜூன் 7, சனி

கோட்டார் அண்ணாச்சி, "0.3 விநாடி மிச்சம் இருந்தா தட்டிவிடத்தான் முடியும், பிடிச்சு எறிய முடியாது, அப்பவே மேட்ச் முடிஞ்சாச்சு" என்று எழுதியிருக்கிறார். இல்லை அண்ணாச்சி. 0.3 இருந்தால் பிடித்து எறியலாம். 0.2, 0.1 என்றால்தான் தட்ட மட்டும் முடியும். 1990 ஜனவரியில் நியூயார்க் அணியின் டிரென்ட் டக்கர் 0.1 விநாடியில் பந்தை வாங்கித் திரும்பி மூணு பாயிண்டர் போட்டு சிகாகோவை ஜெயித்தார். கடிகாரத்தை அமுக்குகிறவர் கை எந்த ஊரில் இருந்ததோ. அதற்குப் பிறகு வந்த விதி இது.

ஓக்லஹோமாவுக்கு ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

ஜூன் 9, திங்கள்

இரண்டாவது ஆட்டம் 123–107. ஓக்லஹோமா. அமெரிக்காவில் ஞாயிறு ஆட்டம் என்றால் நமக்கு ஐந்தரைக்கே ஆரம்பம். வெளியே இடவப்பாதி மழை கொட்டுகிறது, நான் போர்வைக்குள் மொபைலோடு.

தம்பி காலை 8.20-க்கே எழுதிவிட்டார்: "17 பாயிண்டு. அதுல 12 கடைசி குவார்ட்டர்ல, மேட்ச் போன பொறவு." சரியான கணக்கு. மூன்று குவார்ட்டர் முடிய ஹாலிபர்ட்டனுக்கு 5தான். இதற்கு நான் முட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் ஆள் சோம்பி நின்றான் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓக்லஹோமாவின் லூ டோர்ட், கேசன் வாலஸ், அலெக்ஸ் கருசோ மூன்று பேரும் மாறி மாறி அவன் நெஞ்சோடு நெஞ்சாக நின்றார்கள். நடுக்கோட்டைத் தாண்டும்போதே பந்தை வேறு ஆளிடம் கொடுக்க வைத்தார்கள். கொடுத்த பிறகு திரும்பி வாங்க விடவில்லை. பந்து கையில் இல்லாத பாயிண்ட் கார்டு என்ன செய்ய வேண்டும் என்பது தனிக் கேள்வி. ஓட வேண்டும், ஸ்கிரீன் வைக்க (எதிராளியின் வழியை மறித்து நிற்க) வேண்டும், மூலைக்குப் போய் ஒரு ஆளையாவது அங்கே கட்டிப்போட வேண்டும். அவன் பல தடவை நின்று பார்த்தான். அந்த அளவுக்கு உங்கள் கட்சி ஜெயம்.

போகும்போது நொண்டினான், கவனித்தீர்களா?

ஜூன் 10, செவ்வாய்

ஒருவர் கேட்கிறார், கன்னியாகுமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு இண்டியானாவுக்கு எதற்கு இப்படி மாரடிக்கிறீர்கள், லேக்கர்ஸ், வாரியர்ஸ் எல்லாம் கண்ணில் படவில்லையா என்று.

மும்பை, 2019 அக்டோபர். என்.பி.ஏ. அணிகள் முதன்முதலாக இந்தியாவில் ஆடிய ரெண்டு ஆட்டம். வந்தவை இண்டியானா பேசர்ஸும் சாக்ரமென்டோ கிங்ஸும். முதல் ஆட்டம் ஓவர்டைம் போய் 132–131 என்று இண்டியானா ஜெயித்தது. என் வீட்டுக்காரருக்கு அதுவரை என்.பி.ஏ. என்றால் மைக்கேல் ஜோர்டன் மட்டும். அன்றைக்குப் பிடித்தவர் இன்னும் விடவில்லை. பிறகு பாருங்கள், 2022 பிப்ரவரியில் அதே சாக்ரமென்டோ, அதே இண்டியானாவுக்கு ஹாலிபர்ட்டனைக் கொடுத்துவிட்டு சபோனிஸை வாங்கியது. சாக்ரமென்டோவின் முதலாளி விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். நம்மாள் கொடுத்த ஆள் என்று வீட்டுக்காரர் உரிமை கொண்டாடுவார்.

இன்னொரு ஒட்டுறவும் உண்டு. இந்தியாவிலிருந்து என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) தேர்வான முதல் ஆள் சத்னாம் சிங், 2015, டல்லாஸ். அப்போது டல்லாஸ் கோச் ரிக் கார்லைல். இப்போது இண்டியானா கோச்சும் அவர்தான். சத்னாமுக்கு ஒரு என்.பி.ஏ. ஆட்டமும் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் தனி.

தூத்தூர் அண்ணன் வழக்கம்போல: "நிமிஷத்துக்கு நாலு கோல் விழுற கேமுல என்ன சுவாரசியம் கெடக்கு?" அண்ணன் கடற்கரைக்காரர், ஃபுட்பால் பார்த்து வளர்ந்தவர், விட்டுவிடுவோம்.

ஜூன் 12, வியாழன்

116–107. இண்டியானா 2, ஓக்லஹோமா 1. முதலில் நாலு ஜெயிக்கிற அணிக்குப் பட்டம். தம்பி எங்கே? ஆளையே காணோம்.

ஹாலிபர்ட்டன் 22 பாயிண்ட், 11 அசிஸ்ட், 9 ரிபவுண்டு. இப்போது எண்ணைக் காட்டலாமா, இல்லை எண் தோற்கும்போது மட்டும்தானா?

ஆனால் இன்றைக்கு நான் எழுத வந்தது அவனைப் பற்றி இல்லை. இண்டியானா பெஞ்சிலிருந்து மாற்றாக வந்தவர்கள் 49 பாயிண்ட், அந்தப் பக்கம் பெஞ்ச் 18. மாத்யூரின் மட்டும் 27. அப்புறம் டி.ஜே. மெக்கானல். 6 அடி 1 அங்குலம், வயது 33, 2015 டிராஃப்டில் ஒருவரும் எடுக்காத ஆள். பாயிண்ட் 10, அசிஸ்ட் 5, ஸ்டீல் 5. எதிரணி கூடை வாங்கிவிட்டுச் சலிப்போடு பந்தை உள்ளே எறிகிற நேரத்தில் இவன் திரும்பி ஓடாமல் அங்கேயே பதுங்கி நின்று பிடுங்குகிறான். அதுவும் ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்புகிற அந்த ஒரு விநாடியை இத்தனை வருடமாக அவன் சம்பளமாக மாற்றிக்கொண்டிருக்கிறான்.

குட்டையான பாயிண்ட் கார்டுகள் சார்பில் நன்றி.

ஜூன் 12, மதியம்

தம்பி வந்துவிட்டார். "மெக்கானல் நல்லா ஆடினா அது ஹாலிபர்ட்டனுக்கு எப்படிப் பெருமை?" ஆகாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை.

ஆனால் ஒன்று யோசியுங்கள். மெக்கானல் உள்ளே வரும்போது எதிரணி கார்டுகளின் கால் ஏற்கெனவே களைத்திருக்கிறது. ஏன் களைத்தது? இண்டியானா ஒவ்வொரு பந்தையும் ஓட்டமாகக் கொண்டுபோகிறது, கூடை விழுந்தாலும் ஓட்டம், விழாவிட்டாலும் ஓட்டம். அந்த வேகத்தைப் பிடித்து வைப்பது ஹாலிபர்ட்டன். நாலாவது குவார்ட்டர் 32–18 என்று போனதே, அந்த அறுவடைக்கு விதைத்தது முதல் மூன்று குவார்ட்டரில்.

ஜூன் 14, சனி

இன்றைக்குப் பிள்ளைக்கு ஸ்கூல் இல்லை. மற்ற நாளெல்லாம் நாலாவது குவார்ட்டர் சரியாக டிபன் டப்பாவும் ஸ்கூல் வேனும் வருகிற நேரத்தில் வந்து விழும். முதல் ஆட்டத்தின் 0.3 விநாடியை நான் நேரில் பார்க்கவில்லை, ஒரு கையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்று வீட்டுக்காரர் போட்ட கூச்சலில்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கு உட்கார்ந்து, சாயா ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், கடைசிவரை பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மூன்று குவார்ட்டர் முடிய இண்டியானா 87, ஓக்லஹோமா 80. சொந்த ஊர், சொந்தக் கூட்டம். ஜெயித்தால் 3–1. கடைசி குவார்ட்டர் 17–31. முடிவு 104–111.

எஸ்.ஜி.ஏ. (ஓக்லஹோமாவின் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், முதல் ஆட்டத்தில் 38 போட்டவன்) 35. அதில் 15 கடைசி ஐந்து நிமிடத்துக்குள். இப்போது என் கட்சிக்கு விழுந்த அடியை நானே சொல்கிறேன், தம்பி சொல்வதற்கு முன்னால்: இன்றைக்கு அவன் அசிஸ்ட் எண்ணிக்கை பூஜ்யம். அணி மொத்தமும் போட்ட மூணு பாயிண்டர் மூன்றே மூன்று. பந்தைப் பகிரவில்லை, தூரத்திலிருந்து போடவில்லை, ஆனாலும் ஜெயித்தார்கள். அவன் பந்தை வாங்கினான், இடது பக்கம் ரெண்டு தட்டு, நின்றான், பின்னால் சாய்ந்தான், போட்டான். இண்டியானாவின் நெம்ஹார்ட் அவன் முகத்துக்கு நேரே கையை வைத்திருந்தான். ரெண்டு பேரும் கனடாக்காரர்கள், சின்ன வயதிலிருந்தே ஒருவர் ஆட்டம் இன்னொருவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

அசிஸ்ட் இல்லாமலும் ஒருவன் ஆட்டத்தை ஆளலாம். அதை மறுத்தால் இன்று காலை நான் பார்த்ததையே மறுப்பதாகிவிடும்.

மறுபக்கம் கடைசி ஐந்து நிமிடம் இண்டியானா என்ன செய்தது? ஓடுவதை நிறுத்தியது. முன்னிலையில் இருக்கிறோம், பையப் போவோம் என்ற எண்ணமா, கால் களைத்ததா, ரெண்டுமா. நடந்து போய், அரைக் கோர்ட்டில் நின்று, 24 விநாடியில் ஏழெட்டு மிச்சம் இருக்கும்போது ஆரம்பித்தார்கள். ஓக்லஹோமா டிபென்ஸ் அந்த வருடம் லீக்கிலேயே முதலிடம். அவர்களுக்கு நின்று யோசிக்க நேரம் கொடுத்தால் முடிந்தது கதை.

ஹாலிபர்ட்டன் 18 பாயிண்ட், 7 அசிஸ்ட். எண் மோசமில்லை. இன்று அவன் ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணைப் பார்க்காதே என்று நான் சொல்வது ரெண்டு பக்கமும் வெட்டும் தம்பி.

ஜூன் 15, ஞாயிறு

பவுல் சண்டை ஆரம்பித்துவிட்டது. "எஸ்.ஜி.ஏ. ஃப்ரீ த்ரோ வியாபாரி" என்று ஒருவர், "உங்க ஆளு கிட்ட போகவே பயப்படுதான், பவுல் எப்படிக் கிடைக்கும்" என்று தம்பி.

நேற்று 10க்கு 10 ஃப்ரீ த்ரோ போட்டான். ரெஃப்ரி ஊதிக் கொடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். இருபதாயிரம் பேருக்குப் பக்கமாகக் கத்துகிற அரங்கத்தில் நின்று பத்தையும் உள்ளே போட்டது ரெஃப்ரி இல்லை. பவுல் வாங்குவதும் ஒரு வேலை. டிபென்ஸ்காரன் கை எப்போது நீளும் என்று தெரிந்து, அந்தக் கைக்குள் தன் தோளை விடுவது. ஏமாற்று என்கிறீர்கள். கொஞ்சம் ஏமாற்றும் உண்டு, மறுக்கவில்லை. நானும் செய்திருக்கிறேன், சிமென்ட் தரையில் விழுந்து முட்டி தேய்ந்த தழும்பே சாட்சி. மரத்தரையில் விழுகிறவர்கள் இன்னும் தாராளமாக விழலாம்.

ஜூன் 17, செவ்வாய்

120–109 ஓக்லஹோமா. 3–2.

அவர்களின் ஜேலன் வில்லியம்ஸ் 40. எஸ்.ஜி.ஏ. 31, கூடவே 10 அசிஸ்ட். மெக்கானல் மூன்றாவது குவார்ட்டரில் மட்டும் 13 போட்டு, நாலாவதில் இண்டியானா ரெண்டு பாயிண்ட் வித்தியாசத்துக்குக் கொண்டுவந்தது, 95–93. அப்புறம் நழுவியது.

ஹாலிபர்ட்டன்: ஆறு ஷாட், ஒன்றும் விழவில்லை. 4 பாயிண்ட், நாலும் ஃப்ரீ த்ரோ.

தம்பி ஒரே ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கொள்ளாம். ஆனால் இரண்டாவது ஆட்டத்தையும் இதையும் ஒரே பையில் போடாதீர்கள். அன்றைக்கு அவனை மூன்று பேர் அடக்கினார்கள். இன்றைக்கு அவன் வலது காலே அவனை அடக்கியது. முதல் குவார்ட்டரில் வழுக்கி உட்கார்ந்தான், உள்ளே போய்க் கெண்டைக்காலில் சுற்றிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு ஒரு தடவையாவது வலது காலை ஊன்றி மேலே எழும்பினானா என்று திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் உள்ளே இருந்தான்? அந்தக் கேள்விதான் எனக்கும்.

ஜூன் 18, புதன்

குளச்சல் தங்கச்சி பிசியோதெரபி படிக்கிறவள். அவள் எழுதியதைச் சுருக்கிப் போடுகிறேன், நீளமாக இருக்கிறது என்று பாதிப் பேர் தாண்டிப் போயிருப்பீர்கள். கெண்டைக்காலில் ரெண்டு பெரிய தசை. ரெண்டும் கீழே இறங்கி ஒரே தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் ஒட்டுகிறது. அதுதான் அக்கிலிஸ். எழும்புவதற்கும் சட்டென்று முன்னால் பாய்வதற்கும் வேண்டிய இழுவிசை எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. மேலே தசை காயப்பட்டு ஒழுங்காக வேலை செய்யாத நேரத்தில் அதே வேகத்தில் பாய்ந்தால் கீழே உள்ள நாணின் பாடு திண்டாட்டம். அவள் எடுத்துக்காட்டிய ஆள் கெவின் டுரான்ட், 2019. கெண்டைக்கால் காயம், ஒரு மாதம் வெளியே, ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டத்தில் திரும்பி வந்தார், 12 நிமிடத்தில் 11 பாயிண்ட், அக்கிலிஸ் அறுந்தது.

அதனால் ஹாலிபர்ட்டன் ஆறாவது ஆட்டத்தில் உட்கார வேண்டும் என்கிறாள். தம்பி ஆச்சரியமாக எதிர்க்கட்சி: "ஃபைனல்ஸ் அக்கா. நடக்க முடிஞ்சா ஆடணும்." இத்தனை நாள் அவனைக் கழுவிக் கழுவி ஊற்றியவர், இப்போது அவன் இல்லாமல் முடியாது என்கிறார். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்கிறது. காலேஜ் கடைசி வருடம், செமிஃபைனலில் கணுக்கால் மடங்கியது. தக்கலைப் பக்கம் ஒரு வர்ம ஆசானிடம் கொண்டுபோனார்கள். எண்ணெய் போட்டு, பச்சிலை வைத்துக் கட்டி, "இந்தக் காலை நிலத்துல ஊனப்பிடாது" என்றார். மறுநாள் ஃபைனல். கட்டை அவிழ்த்து கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கோச் வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்தக் கணுக்கால் இன்றும் படி இறங்கும்போது பேசும். ஆடியதற்கு வருத்தமா என்றால், இந்த வயதில், கால் வலிக்கிற அன்று கேட்டால் ஆமாம், மற்ற நாள் கேட்டால் இல்லை.

ஆனால் எனக்கு அது ஒரு காலேஜ் கப்பு. அவனுக்கு அது அடுத்த பத்து வருடம். அணியின் டாக்டரும் கோச்சும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். 25 வயதுப் பையன் ஆடுகிறேன் என்றுதான் சொல்வான், வேறு என்ன சொல்வான்.

ஜூன் 20, வெள்ளி

108–91!! மூன்று குவார்ட்டர் முடிய 90–60. வேன் வந்தபோது கவலையே இல்லாமல் டப்பா கட்டினேன்.

ஹாலிபர்ட்டன் 14. அதே 14 தம்பி, முதல் ஆட்டத்தின் 14. பந்தைப் பிடுங்கி, திரும்பிப் பார்க்காமலே சியாகமுக்கு எறிந்து, அவன் டங்க் அடித்தானே, அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். டாப்பின் 20. மெக்கானல் 12 பாயிண்ட், 9 ரிபவுண்டு, 6 அசிஸ்ட், 4 ஸ்டீல். எஸ்.ஜி.ஏ. எட்டு தடவை பந்தைத் தவறவிட்டான்.

2016க்குப் பிறகு முதல் தடவையாக ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம். இண்டியானாவுக்கு என்.பி.ஏ. பட்டம் ஒன்றுகூட இல்லை. ஏ.பி.ஏ. என்ற பழைய லீக்கில் 1970, 72, 73 என்று மூன்று உண்டு, அவ்வளவுதான். திங்கள் காலை ஐந்தரை. யாரும் தூங்கக் கூடாது.

ஜூன் 23, திங்கள், காலை 5.50

போச்சு. கால் போச்சு.

ஜூன் 23, இரவு

காலையில் அதற்குமேல் எழுத முடியவில்லை. கோட்டார் அண்ணாச்சி போன் செய்தார், அவரும் ஒன்றும் பேசவில்லை.

103–91, ஓக்லஹோமா சாம்பியன். சியாட்டிலில் இருந்த காலத்தில் 1979இல் வாங்கியது, 2008இல் ஊர் மாறிய பிறகு இதுதான் முதல் பட்டம். 68 ஆட்டம் ஜெயித்து வந்த அணி, தகுதியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஹாலிபர்ட்டன் ஆடியது ஏழு நிமிடம். அதற்குள் மூன்று மூணு பாயிண்டர், 9 பாயிண்ட். இந்தத் தொடரிலேயே அவன் முதல் நிமிடத்திலிருந்து ‘போடுகிறேன்’ என்று வந்த ஆட்டம் இதுதான். முதல் குவார்ட்டரில் 4.55 மிச்சம், 16–16. வலது காலை ஊன்றிப் பாய்ந்தான், விழுந்தான், தரையைக் கையால் அடித்தான். ரீப்ளே போட்டார்கள், நான் பார்க்கவில்லை.

அப்படியும் பாதி ஆட்டத்தில் இண்டியானா 48–47. மூன்றாவது குவார்ட்டர் 20–34. அந்த 20இல் 12 மெக்கானல். மாத்யூரின் 24 பாயிண்ட், 13 ரிபவுண்டு. மற்றவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தேடினார்கள். தம்பி, முதல் நாள் கேட்டீர்களே, ஆளையே காணோம் என்று. மூன்றாவது குவார்ட்டரில் ஆள் உண்மையிலேயே இல்லை. எப்படி இருந்தது?

எஸ்.ஜி.ஏ. 27 ஷாட்டில் 8தான் போட்டான். ஆனால் 12 அசிஸ்ட். ஷாட் விழாத அன்று மற்றவர்களைப் போட வைத்தான். நாலாவது ஆட்டத்தில் பூஜ்யம், ஏழாவதில் 12. ரெண்டு விதமாகவும் ஜெயிக்கத் தெரிந்தவன். அந்த இடத்தில் என் வாதம் எல்லாம் அடங்கிவிட்டது. அவன்தான் இந்தத் தொடரின் ஆட்டக்காரன்.

ஜூன் 24, செவ்வாய்

தம்பி எழுதியது, அப்படியே: "அக்கா, நான் அவனைக் கிண்டல் பண்ணுனது கேமுக்காக. இது வேண்டாம்னு இருந்தது." தெரியும் மக்கா. விடுங்கள்.

நியூயார்க்கில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. திரும்பவும் அதே நிலைமை வந்தால் திரும்பவும் ஆடுவேன் என்கிற பொருளில் அவனே எழுதியிருக்கிறான். குளச்சல் தங்கச்சிக்குக் கோபம், "இதைப் பார்த்துட்டு நம்ம பிள்ளைகளும் காயத்தோட ஆடும்" என்று. நியாயமான கோபம். என்னிடம் அதற்குப் பதில் இல்லை, என் கணுக்காலிடமும் இல்லை.

இந்த வருட பிளேஆஃபில் அக்கிலிஸ் அறுந்த மூன்றாவது நட்சத்திரம். லில்லார்ட், டேட்டம், ஹாலிபர்ட்டன். மூன்று பேர் சட்டையிலும் எண் 0. கோட்டார் அண்ணாச்சி ஜாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

ஜூன் 25, புதன்

ஃபைனல்ஸ் எம்.வி.பி. (தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது) ஜேலன் வில்லியம்ஸுக்குப் போயிருக்க வேண்டும் என்று ரெண்டு பேர். அந்த 40 பெரிய ஆட்டம்தான். ஆனால் ஏழு ஆட்டமும் சேர்த்து எஸ்.ஜி.ஏ. சராசரி 30.3. ஒரே வருடத்தில் அதிக பாயிண்ட், சீசன் எம்.வி.பி., ஃபைனல்ஸ் எம்.வி.பி. மூன்றும் வாங்கியவர்கள் கரீம், ஜோர்டன், ஷக்கீல் ஓநீல், இவன். இதில் என்ன விவாதம்.

சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. 2017இல் இண்டியானா பால் ஜார்ஜை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்தது. வந்தவர்களில் ஒருவன் சபோனிஸ், அவனைக் கொடுத்துத்தான் ஹாலிபர்ட்டன். 2019இல் ஓக்லஹோமா அதே ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தது. வந்தவன் எஸ்.ஜி.ஏ., கூட வந்த டிராஃப்ட் வாய்ப்புகளில் ஒன்றுதான் ஜேலன் வில்லியம்ஸ். ஆக இந்த ஃபைனல்ஸின் ரெண்டு பக்கத்தையும் கட்டிக் கொடுத்தவர் ஜார்ஜ். அவருக்கு இன்னும் ஒரு சாம்பியன் மோதிரம் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

இழையை யாரோ மேலே தூக்கிவிட்டிருக்கிறார்கள். செய்தி இதுதான்: ஹாலிபர்ட்டன் 2025–26 முழுக்க ஆட மாட்டான் என்று அணியே சொல்லிவிட்டது. மைல்ஸ் டர்னர் மில்வாக்கிக்குப் போகிறான். மும்பைக்கு வந்த அணியில் இருந்தவன், பத்து வருடம் இங்கேயே கிடந்தவன். வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அடுத்த வருஷம் யாருக்கு அக்கா?" என்று தம்பி. இண்டியானாதான். தோற்கும், நிறையத் தோற்கும். மெக்கானலுக்கு ஆட்ட நேரம் கூடும், எனக்கு அது போதும். நீங்கள் ஓக்லஹோமா சட்டை ஆர்டர் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன், போட்டோ போடுங்கள், எண் என்ன என்று பார்ப்போம்.